வளையம் விழுந்த எழுத்து

"கிடைச்சிடுச்சு" என்று அன்னெலி உள்ளறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

சமையலறையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஸ்டெல்லான், "என்ன கிடைச்சது?" என்றான்.

"அக்கா வேனுக்கு எழுத்து."

"நேத்தும் இதையேதான் சொன்னே. முந்தாநாளும் சொன்னே."

"இது வேற. இதைப் பார்த்தா நீயே வரிசையில நின்னு சாசேஜ் வாங்குவே."

அவன் கையில் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தான். கணினித் திரையில் எழுத்துகள் கொழுகொழுவென்று, முனைகளெல்லாம் உருண்டு, ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவுல ஒரு காலிப் பெட்டி இருக்கே, அது என்ன?"

"அதை நான் பார்த்துக்கறேன்" என்றாள் அன்னெலி.

ஸ்வீடனின் யேவ்லெ நகரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு வெட்டும் இயந்திரம் வாங்கினாள். ரொட்டிப் பெட்டி அளவுதான் இருக்கும். கணினியில் எழுதிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் சின்னக் கத்தி அந்த எழுத்தை ஸ்டிக்கர் தாளில் அப்படியே வெட்டித் தரும். வேண்டாத பகுதியைக் கொக்கி ஊசியால் கிள்ளி எடுத்துவிட்டு, எழுத்தை எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அவள் வீட்டில் மாவு ஜாடிக்குப் பெயர் உண்டு, குப்பைத் தொட்டிக்கும் பெயர் உண்டு. "நான் அஞ்சு நிமிஷம் அசையாம உட்கார்ந்தா என் நெத்தியிலயும் ஒட்டிடுவா" என்று ஸ்டெல்லான் விருந்தாளிகளிடம் சொல்வான்.

எழுத்துருவுக்கு மட்டும் அவள் ஒருநாளும் காசு கொடுத்ததில்லை. இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடந்தன. யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து ஆசையாக வரைந்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டு வைத்தவை. இலவசம் என்ற சொல்லைப் பார்த்தாலே அவள் விரல் தானாகப் போய் அமுக்கும். பாதிக்கு மேல் எதற்கும் பயன்படுத்தியதில்லை. ஆனாலும் புதிதாக ஒன்றைத் தேடி எடுப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது.

இந்த முறை தேடியது அக்கா இங்கெலாவுக்காக.

இங்கெலா வடக்கே ஹெல்சிங்லாண்டில், அவர்கள் பிறந்த நோர்பக்கா பண்ணையில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா எவெர்ட்டும் அவளும் செம்மறி ஆடுகளும்தான் அந்தப் பண்ணை. மார்ச் மாதம், ஆடுகள் குட்டி போடும் நேரத்தில், ஒரு ஆட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கொட்டகைக்குப் போன அப்பா திரும்பவில்லை. மாரடைப்பு. வைக்கோல்மேல் கிடந்தவரை இங்கெலாதான் பார்த்தாள்.

அதற்கு முந்தைய மாதம் அப்பா அன்னெலிக்குப் போன் செய்திருந்தார். அவர் போனில் அதிகம் பேசுகிறவர் அல்ல.

"இந்தத் தடவை சினை ஆடு நிறைய இருக்கும்மா. இங்கெலாவுக்கு முதுகு சரியில்ல. ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போறியா?"

"வேலை ஜாஸ்தியா இருக்குப்பா. ஈஸ்டருக்கு வரேன்."

"சரி. ஈஸ்டருக்கு வா" என்று வைத்துவிட்டார்.

அந்த வாரம் பல் மருத்துவர் விடுமுறையில் போயிருந்தார். அன்னெலிக்கு ஒரு வேலையும் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் மிட்டாய்ப் பெட்டிகளில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். இது ஸ்டெல்லானுக்குக்கூடத் தெரியாது. அடக்கத்தின்போது தேவாலயத்தில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் முழுக்க அவள் கண் முன்னால் அந்தப் பெட்டிகள்தான் வரிசையாக நின்றன.

அதனால்தான், பழைய ரொட்டிக்கடை வேன் ஒன்றை வாங்கிப் பக்கத்து டவுன் சதுக்கத்தில் ஆட்டுக்கறி சாசேஜைத் தானே விற்கப்போவதாக இங்கெலா சொன்னதும், அன்னெலி அவசர அவசரமாக முந்திக்கொண்டாள்.

"வேனுக்கு எழுத்து நான் பண்ணித் தரேன். கடையில குடுக்காதே."

"நீ ஜாடியிலதானே ஒட்டுவே. அவ்வளவு பெரிசா வருமா உனக்கு?"

"துண்டு துண்டா வெட்டிச் சேர்த்துடலாம்க்கா. நான் பண்றேன்."

இங்கெலாவுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். ஃபோர்கொர்வ். ‘ஃபோர்’ என்றால் செம்மறி ஆடு, ‘கொர்வ்’ என்றால் சாசேஜ். அந்த ‘ஃபோர்’ எழுத, தலையில் குட்டி வளையம் வைத்த ‘a’ வேண்டும். வளையம் இல்லாவிட்டால் அது ‘ஃபார்’ ஆகிவிடும். ‘ஃபார்’ என்றால் அப்பா.

வளையம் தேவைப்படாத நாடுகளில் இருப்பவர்கள் வரைந்த எழுத்துருக்களில் அது இருப்பதில்லை. அந்த இடத்தில் ஒரு காலிப் பெட்டி வரும். அன்னெலி ஒவ்வொரு எழுத்துருவிலும் அந்தச் சொல்லை அடித்துப் பார்த்தாள். பார்க்க அழகாக இருந்ததிலெல்லாம் பெட்டி வந்தது. வளையம் இருந்தவையோ வரி அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் மாதிரி இருந்தன. கடைசியில் அவளுக்குப் பிடித்துப்போன அந்தக் கொழுகொழு எழுத்திலும் பெட்டிதான். ஆனால் அதை விட மனம் வரவில்லை. அதே எழுத்துருவின் ‘o’வை எடுத்துக் குன்றிமணி போலச் சுருக்கி, ‘a’வின் தலைக்கு மேல் கொண்டுபோய் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

கைவேலைப் பெண்கள் சேர்ந்திருக்கும் குழுவில் படத்தைப் போட்டாள். எல்லோரும் இதயம் போட்டார்கள். ஒருத்தி மட்டும் எழுதினாள்: "வெளியில நிக்கற வண்டிக்கா? தனியா நிக்கற சின்னத் துண்டு தங்காது. எழுத்தோட சேர்த்து ஒரே துண்டா வெட்டு. இல்லன்னா வளையம் உள்ள ஃபான்ட்டா பார்த்து எடு."

சேர்த்துப் பார்த்தாள். எழுத்தின் தலையில் கொப்புளம் வந்தது போல இருந்தது. மறுபடி பிரித்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு சிரிக்கும் முகத்தைப் பதிலாகப் போட்டாள். எழுத்துருவை இறக்கிய பக்கத்தில் ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம்’ என்று ஒரு வரி இருந்தது. அக்கா சொந்தம்தானே என்று அதையும் தாண்டிப் போனாள்.

ஜூன் தொடக்கத்தில் பண்ணைக்குப் போய் ஒட்டினாள். வேனுக்குள் இன்னும் பழைய லவங்கப்பட்டை ரொட்டி வாசனை இருந்தது.

"பல் டாக்டர்கிட்டேர்ந்து பெயின்டர் வந்திருக்காங்க" என்று இங்கெலா ஆடுகளிடம் அறிவித்தாள். "வாயைத் தொறக்காதீங்க. உங்களுக்கும் ஏதாவது ஒட்டிடப் போறாங்க."

பெரிய எழுத்துகள் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. வளையம் மட்டும் முரண்டு பிடித்தது. சரியாக அந்த இடத்தில் வேனின் தகரத்தில் ஒரு மடிப்பு ஓடியது. இடுக்கியால் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். ஒரு ஓரம் நிமிர்ந்தது. மறுபடி அழுத்தினாள். கையை எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினாள்.

இங்கெலா வேலியோரம் போய் நின்று பார்த்தாள்.

"அப்பா பார்த்திருந்தா சிரிச்சிருப்பார்" என்றாள் கடைசியில்.

"ஏன், நல்லா இல்லையா?"

"சந்தோஷத்துல சிரிச்சிருப்பார்னு சொன்னேன்."

அடுத்த சனிக்கிழமைதான் முதல் சந்தை. மேசை விரிப்பும் விலை அட்டைகளும் எடுத்துக்கொண்டு அன்னெலி யேவ்லெயிலிருந்து அதிகாலையிலேயே கிளம்பி வந்தாள். சதுக்கத்தில் வேன் நின்றிருந்தது. விற்கும் ஜன்னல் மறுபக்கம். எழுத்து இருந்த பக்கத்தை அவள்தான் முதலில் பார்த்தாள்.

வளையம் இல்லை.

ஃபார்கொர்வ். அப்பா சாசேஜ். வேனின் முழு நீளத்துக்கும், சிவப்பில், கொழுகொழுவென்று.

அவள் கார் டிக்கியில் அதே சிவப்புத் தாள் மிச்சம் இருந்தது. கத்திரியும் இருந்தது. கையாலேயே ஒரு வளையம் வெட்டி ஒட்டிவிடலாம். அக்காவிடம் சொல்லிவிட்டு எடுத்து வரலாம் என்று வேனைச் சுற்றிக்கொண்டு போனாள். மறுபக்கத்தில் பேச்சுக் குரல் கேட்டது. தேன் விற்கும் ரூனெ தன் கடையை விரித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் பழைய சிநேகிதர்.

"தங்கச்சி வரலையா?"

"வருவா" என்றாள் இங்கெலா. "அப்பா வாய்விட்டுக் கூப்பிட்டப்ப வரல. ஸ்டிக்கர் ஒட்டறதுன்னா வந்துடறா."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு இருவரும் பந்தல் கம்பியைத் தூக்கப் போய்விட்டார்கள்.

அன்னெலி வேனுக்குப் பின்னால் அப்படியே நின்றாள். காது இரண்டும் எரிந்தன. அக்கா சொன்னது பொய்யாக இருந்திருந்தால் முன்னால் போய் நின்று சண்டை போட்டிருப்பாள். உண்மையாக இருந்ததுதான் தாங்கவில்லை. அவளே பார்த்துக்கட்டும் என்று நினைத்தாள். திரும்பி நடந்து, மூலையிலிருந்த ரொட்டிக்கடையில் ஒரு காப்பி வாங்கி, அதை நின்று குடித்து முடித்துவிட்டு, அப்போதுதான் வந்து சேர்ந்தவள் போலச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அரை மணியில் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். அக்கா தலையில் கை வைப்பாள். தான் கத்திரியை எடுத்துக்கொண்டு ஓடுவாள். அதோடு சரியாகிவிடும். ஆனால் யாரும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்கள் முகத்துக்கு நேரே எதையும் சொல்கிறவர்கள் அல்ல. வேனைப் பார்ப்பார்கள். உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். ரொட்டியில் வைத்த ஒரு சாசேஜ் வாங்கித் தின்றுவிட்டுப் போவார்கள்.

மதியம் வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்தது. அந்த ஆள் வாய்விட்டுச் சிரித்து, பிள்ளைகளை எழுத்துக்குக் கீழே நிறுத்திப் படம் எடுத்தான்.

இங்கெலாவின் முகம் மலர்ந்துபோயிற்று. "பார்த்தியா, உன் எழுத்தைப் படம் எடுக்கறாங்க" என்றாள். அடுத்து வந்த பெண்ணிடம், "என் தங்கச்சி பண்ணினது. வீட்டுலயே மெஷின் வெச்சிருக்கா" என்றாள். ரூனெயின் கடைக்குக் கேட்கும்படி இன்னொரு தடவையும் சொன்னாள்.

அன்னெலி ரொட்டியில் கடுகு சாஸ் தடவிக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னால், காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். ஒரு மணி நேரம் கழித்துச் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்கடுத்த மணி அதைவிட. சாயங்காலம் இங்கெலா அவளைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லாட்டி இன்னைக்கு முடிஞ்சிருக்காது" என்றாள். பிறகு வேனை எடுத்துக்கொண்டு போனாள். அந்தச் சொல் சாலையோரத்து லூபின் பூக்களுக்கு நடுவே வளைவு திரும்பி மறையும்வரை அன்னெலி பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை அந்த வட்டாரத்து ஃபேஸ்புக் குழுவில் படம் வந்துவிட்டது. சிரிக்கும் முகங்கள் குவிந்தன. கறி எந்தப் பாகம் என்று ஒருவர் கேட்டிருந்தார். அம்மா சாசேஜ் எப்போது வரும் என்று இன்னொருவர். அதற்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "எவெர்ட் எங்கே போனார்னு இப்பத்தான் தெரியுது."

அன்னெலி அதைப் பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் உட்கார்ந்தபடி படித்தாள். காத்திருந்த நோயாளியின் பெயரைக் கூப்பிட வாய் திறந்தாள், பெயர் மறந்துபோயிற்று. அப்போது போன் அதிர்ந்தது. இங்கெலா.

"பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

"என் தப்புதான்" என்றாள் இங்கெலா. குரல் கரகரத்திருந்தது. "சனிக்கிழமை காலைல கிளம்பறதுக்கு முன்னாடி வண்டி தூசியா இருக்கேன்னு தண்ணியைப் பீய்ச்சி அடிச்சேன். அதுல போயிருக்கு. நீ அவ்வளவு பாடுபட்டுப் பண்ணினே. நான் கெடுத்துட்டேன். உன் பேரும் சேர்ந்து இல்ல கெட்டுது."

அன்னெலி வாயைத் திறந்தாள். இது சொல்ல வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பரவால்லக்கா" என்றாள்.

"கோவம் இல்லையே உனக்கு?"

"இல்ல. விடு."

போனை வைத்த பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். செய்த தப்பைச் சொல்லாமல் இருந்தது ஒரு பக்கம். இப்போது அந்தத் தப்புக்காக அக்காவையே மன்னித்தும் விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை புது வளையங்கள் நாலைந்து வெட்டி எடுத்துக்கொண்டு போனாள். சதுக்கத்தில் ரொட்டிக்கடை வாசல்வரை வரிசை நின்றது. இங்கெலா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"ஒட்டாதே. இதுக்காகத்தான் வராங்க."

"அக்கா, எப்படிக்கா..."

"கறியை ஐஸ் பெட்டியில வெச்சுப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது. விக்கட்டும்."

கேட்பவர்களுக்கு இங்கெலா சளைக்காமல் பதில் சொன்னாள். "அப்பா சாசேஜா? சூடா வேணுமா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இடையில் கடுகு சாஸ் பாட்டில் எடுக்க அன்னெலி வேனுக்குள் ஏறினாள். இங்கெலா குளிர்பெட்டியின் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"முதுகு வலியா?"

"ஆமா. முதுகுதான்" என்றாள் அவள், திரும்பாமலே. பிறகு இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், "யாருக்கு அப்பா சாசேஜ்?" என்று கேட்டாள்.

அன்று எல்லாம் விற்றுத் தீர்ந்தது. பண்ணைக்குத் திரும்பி இருவரும் தட்டுகளைக் கழுவினார்கள். இங்கெலா கழுவித் தர, அன்னெலி துடைத்து அடுக்கினாள். ஜன்னலுக்கு வெளியே குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன.

"அக்கா, நீ தண்ணி அடிச்சதால அது விழல."

"பின்ன?"

"சின்னத் துண்டு தங்காதுன்னு ஒருத்தி முன்னாடியே சொன்னா. நான் கேக்கல. அழகா இருக்கணும்னு தனியா வெச்சேன்."

"போகட்டும் விடு. விழறது விழும்."

"அது மட்டுமில்ல." அன்னெலி கையிலிருந்த தட்டை விடாமல் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அன்னைக்குக் காலைலயே பார்த்துட்டேன். நீ கடை விரிக்கறதுக்கு முன்னாடி. கார்ல தாள் இருந்தது, கத்திரி இருந்தது. சொல்லத்தான் வந்தேன். நீ ரூனெகிட்ட பேசிட்டிருந்தே. அது காதுல விழுந்துது."

இங்கெலா குழாயை மூடினாள்.

"நான் என்ன பேசினேன்?"

அன்னெலி சொன்னாள். வார்த்தை மாறாமல் சொன்னாள்.

"உண்மைதானே அது" என்றாள் இங்கெலா.

"உண்மைதான்."

"இப்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

"சொல்லு."

இங்கெலா ஈரக் கையோடு அவளையே பார்த்தாள். "அப்ப நாள் பூரா உனக்குத் தெரியும். என் தங்கச்சி எழுத்து, என் தங்கச்சி எழுத்துன்னு பைத்தியக்காரி மாதிரி பீத்திக்கிட்டு நின்னேன். நீ பக்கத்துல நின்னு சாஸ் தடவிக்கிட்டு இருந்தே."

அன்னெலி தலையாட்டினாள்.

"அப்புறம் நான் போன் பண்ணி உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

"ஆமாக்கா."

"பரவால்லன்னு சொன்னே. என்னை மன்னிச்சே நீ." அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. "சாசேஜ்மேல அப்பா பேரு வந்ததைக்கூடப் பொறுத்துக்குவேன். இதை எங்கே கொண்டுபோய் வெக்கறது? வீட்டுக்குப் போ, அன்னெலி."

அன்னெலி துண்டை மடித்து வைத்தாள். கதவு வரை போனவள் நின்றாள். இன்னொன்றும் உள்ளே இருந்தது. அதை மட்டும் வைத்துக்கொண்டு கார் ஓட்ட முடியாது என்று தோன்றியது.

"அப்பா கூப்பிட்ட வாரம் எனக்கு வேலை எதுவும் இல்லக்கா. லீவு. பக்கத்து வீட்டு மிட்டாய்ப் பெட்டிக்குப் பேர் ஒட்டிக்கிட்டு இருந்தேன்."

இங்கெலா குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய தட்டை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

நடுக்கோடைப் பண்டிகை வந்து போயிற்று. வழக்கமாக அன்று நோர்பக்காவில்தான் உருளைக்கிழங்கும் ஊறுகாய் மீனும் சாப்பிடுவார்கள். இந்த ஆண்டு யேவ்லெயில், ஸ்டெல்லானும் அவளும் மட்டும். போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெட்டும் இயந்திரத்தின்மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

"மெஷின் ரிப்பேரா?" என்று ஸ்டெல்லான் கேட்டான்.

"இல்ல."

"மாவு ஜாடியில எழுத்து உரிஞ்சு வருது. ரெண்டு வாரமா பார்க்கறேன், நீ கண்டுக்கவே இல்ல."

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஆறுதலாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். "அக்கா பாவம்" என்றான் அவன். அதுதான் சரி என்று அவளுக்கும் பட்டது. ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அந்த டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போய், நூலகப் படியில் நின்று தூரத்திலிருந்து வேனைப் பார்த்தாள். வரிசை நின்றது. யாரோ எதையோ சொல்ல, வரிசையே சிரித்தது. இங்கெலாவின் தலை ஜன்னலில் தெரிந்தது. அவள் சிரித்தாளா என்று அங்கிருந்து தெரியவில்லை. அன்னெலி கிட்டே போகாமல் திரும்பினாள்.

ஆகஸ்டில் இங்கெலாவே கூப்பிட்டாள். நலம் விசாரிக்கவில்லை.

"லேப்டாப் எடுத்துட்டு வா. மெஷினையும் கொண்டா. இந்தத் தடவை நான் பார்த்து எடுக்கறேன்."

பண்ணைச் சமையலறை மேசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். காப்பி ஊற்றிக் கொடுத்தாள் இங்கெலா. கூடத் தின்ன எதுவும் வைக்கவில்லை. அன்னெலி எழுத்துருக்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இது?"

"ஐஸ்கிரீம் கடை."

"இது?"

"கல்லறைக் கல்லு மாதிரி இருக்கு. அடுத்தது."

"இது கையெழுத்து மாதிரி வரும்..."

"அது என்ன எழுதியிருக்குன்னே தெரியல. ஆட்டுக்கறியா, அழுகையா?"

கடைசியில் வளையம் கூடவே வரைந்திருந்த, தடித்த, நேரான ஒன்றில் நின்றாள். அன்னெலி முதல் நாளே பார்த்து ஒதுக்கிய வரி அலுவலக எழுத்துதான் அது.

"இதுக்குக் காசு குடுக்கணுமா?"

"வேண்டாம். கடைக்குப் போட்டுக்கலாம்னு எழுதியிருக்கு."

"முன்னாடி போட்டது?"

அன்னெலி தயங்கினாள். "அது வீட்டு உபயோகத்துக்கு மட்டும்னு போட்டிருந்தது. அதை வரைஞ்ச பையனுக்கு எழுதிக் கேட்டிருக்கேன், என்ன தரணும்னு."

"அதுலயும் திருட்டா" என்றாள் இங்கெலா. அவள் உதட்டோரம் ஒரு கணம் அசைந்தது போல இருந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

பழைய எழுத்தைச் சுடுகாற்று அடித்து உரித்தார்கள். தகரத்தை இங்கெலாவே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள், காய்ந்ததும் மறுபடி துடைத்தாள். மடிப்பு ஓடும் இடத்தைத் தவிர்த்து ஒரு சாண் கீழே இறக்கி ஒட்டினார்கள். வளையத்தைச் சின்னதாக வைக்காமல், எழுத்தோடு ஒரு மெல்லிய கழுத்து போட்டுச் சேர்த்து ஒரே துண்டாக வெட்டியிருந்தாள் அன்னெலி. அழகாக இல்லை. உறுதியாக இருந்தது.

"சனிக்கிழமை வா" என்றாள் இங்கெலா. "நான் உள்ளே இருந்து வெட்டித் தரேன். ஜன்னல்ல நீ நில்லு. கேக்கறவங்களுக்கு நீ பதில் சொல்லு."

வளையம் வந்துவிட்டதால் இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று அன்னெலி நம்பிக்கொண்டு வந்தாள். ஆனால் அந்த வட்டாரத்தில் அதற்குள் அந்தச் சாசேஜுக்கு வேறு பெயரே இல்லாமல் போயிருந்தது. முதலில் வந்தவர் தொப்பி போட்ட ஒரு பெரியவர். வேனை ஏற இறங்கப் பார்த்தார்.

"வளையம் முளைச்சிடுச்சே. அப்ப அப்பா தீர்ந்துட்டாரா?"

அவருக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்னெலிக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உள்ளே கத்தியின் சத்தம் நின்றுபோயிருந்தது.

"எங்க அப்பா மார்ச்சுல இறந்துட்டார்" என்றாள். "பேரு எவெர்ட். இது எப்பவும் ஆட்டுக்கறிதான். வளையம் விழுந்தது என்னாலதான். பார்த்தும் சொல்லாம இருந்தேன். எங்க அக்காவுக்கு அன்னைக்குத் தெரியாது."

பெரியவர் தொப்பியை எடுத்துவிட்டார். "தெரியாம கேட்டுட்டேன்மா" என்று முனகி, ஒரு பெரிய பொட்டலத்துக்குக் கை காட்டினார். கொடுத்ததும் நிற்காமல் போய்விட்டார். பின்னால் நின்றவர்கள் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

உள்ளிருந்து இங்கெலா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஒவ்வொருத்தர்கிட்டயும் முழுக் கதையையும் சொல்லாதே. கூட்டம் கலைஞ்சிடும்."

"பின்ன என்ன சொல்றது?"

"ஆட்டுக்கறின்னு சொல்லு. போதும்."

அடுத்து வந்த பெண்ணுக்கு முந்தைய பேச்சு கேட்டிருக்கவில்லை. அவளும் அதையேதான் கேட்டாள், சிரித்துக்கொண்டே.

"ஆட்டுக்கறி" என்றாள் அன்னெலி. "சூடா வேணுமா?"

அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் காது சூடாகும். பதில் சொல்லிவிட்டு ரொட்டியை எடுப்பாள். இங்கெலா உள்ளே தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருப்பாள். சில நாள் இருவரும் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறொன்றும் பேசாமல் கடையைக் கட்டினார்கள். சில நாள் ரூனெயின் தேனில் சர்க்கரை கலந்திருக்கிறதா என்று சண்டை போட்டார்கள். இலையுதிர் காலம் வந்தது, சதுக்கத்தில் வரிசை குறைந்தது. கேட்பவர்களும் குறைந்தார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று இங்கெலா ஒருநாளும் சொல்லவில்லை. அன்னெலியும் கேட்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் போன் வரும்.

"எத்தனை மணிக்கு வரே?" என்பாள் இங்கெலா.

அன்னெலி நேரத்தைச் சொல்வாள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சதுக்கத்தில் நிற்பாள்.